%பேட்ச் வரிகளைத் தூக்கிவிட்டு %ஆட்டோசெட்டப்: செய்து பார்த்த அனுபவம்

ஃபெடோரா லினக்ஸ் 41 போட்டதும் எனக்காக நானே கட்டி வைத்திருக்கும் பேக்கேஜ்களில் பாதிக்கு மேல் பில்ட் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். அதோடு வரும் ஆர்பிஎம் (பேக்கேஜ் கட்டும் கருவி) 4.20-இல், பேட்ச்களை, அதாவது மூல நிரல்மேல் போடும் திருத்த ஃபைல்களை, %பேட்ச்0, %பேட்ச்1 என்று எண்ணை ஒட்டி எழுதும் பழைய முறையை எடுத்துவிட்டார்கள். 2022-இல் வந்த 4.18-இலிருந்தே இதற்கு எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. பில்ட் லாகில் வரும் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்!

வேலையை உடனே முடிக்க வேண்டுமென்றால் %பேட்ச்0 என்பதை %பேட்ச் -பி 0 என்று மாற்றினால் போதும். இது பெரிய பி, எந்த எண் பேட்ச் என்று சொல்வது. பக்கத்தில் வரும் சின்ன பி, அதாவது -பி1, ஃபைல் பாதையில் முன்னாலிருந்து எத்தனை அடுக்கை உரிக்க வேண்டும் என்பதற்கு. இப்படி எழுதினால் பழைய ஆர்பிஎம்மிலும் ஓடும். உரையை மாற்றும் செட் கட்டளை ஒன்றில் எல்லா ஸ்பெக் ஃபைலையும் (பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஃபைல்) மாற்றிவிடலாம். ஆனால் கை வைத்ததுதான் வைத்தோம், அரைகுறையாக விடுவானேன் என்று தோன்றியது.

பழைய முறையில் எனக்கு உறுத்தியது, ஒரே பேட்சை இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருப்பது. மேலே பேட்ச்3: என்று போட்டு ஃபைல் பெயர், கீழே நிரலைத் தயார்செய்யும் %ப்ரெப் பகுதியில் அதைப் போடச் சொல்லும் வரி. இரண்டு பட்டியலும் நாளடைவில் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். டெபியன்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே குவில்ட் முறையில் டெபியன்/பேட்சஸ் அடைவுக்குள் சீரிஸ் என்று ஒரே ஒரு ஃபைல், அதிலுள்ள வரிசைதான் பேட்ச் போடும் வரிசை. ஆர்பிஎம்மிலும் 2013-இல் 4.11 வந்தபோதே %ஆட்டோசெட்டப் வந்துவிட்டது. டார்பாலை (மூல நிரலின் சுருக்கிய பொதி) பிரித்து, மேலே சொன்ன பேட்ச் எல்லாவற்றையும் அறிவித்த வரிசையில் தானே போட்டுவிடும். %ப்ரெப் பகுதி %ஆட்டோசெட்டப் -பி1 என்ற ஒரே வரியாகச் சுருங்கும்.

சிறிய பேக்கேஜ்கள் மாற்றிய கையோடு ஓடின. தகராறு செய்தது ஒரு பழைய ஸ்கேனர் கருவி. அதன் ஸ்பெக்கில் ஒரு பேட்ச் மேலே அறிவிக்கப்பட்டிருக்கிறது, கீழே அதைப் போடும் வரிக்கு முன்னால் # குறி. எந்தக் காலத்திலோ அந்தத் திருத்தம் மூல நிரலிலேயே சேர்ந்துவிட்டதால் நிறுத்தி வைத்தது. ஆட்டோசெட்டப்புக்கு # தெரியாது, மேலே பெயர் இருந்தால் போட்டுப் பார்க்கும். ஏற்கெனவே மாறியிருக்கும் வரியை மறுபடி மாற்றப் போய் ஹங்க் (பேட்சின் ஒரு துண்டு) தோற்று பில்ட் நின்றது. நின்றது நல்லதுக்குத்தான். செத்த பேட்ச் ஒவ்வொரு மூல ஆர்பிஎம்மிலும் (ஸ்பெக், நிரல், பேட்ச் எல்லாம் அடங்கிய பொதி) சும்மா பயணம் செய்துகொண்டிருந்தது, ஃபைலோடு சேர்த்துத் தூக்கிவிட்டேன்.

அதே ஸ்பெக்கில் இன்னொரு சிக்கல். சில பேட்ச்கள் -பி1, இரண்டு மட்டும் -பி0, ஒன்றில் -எஃப் 2 வேறு. ஆட்டோசெட்டப்புக்கு எல்லாம் ஒரே அடுக்கில் இருக்க வேண்டும். ஆர்பிஎம்மின் இயல்பான ஃபஸ் அளவும் பூஜ்யம்: பேட்சில் சுற்றியுள்ள வரிகள் ஃபைலில் உள்ளவற்றோடு அச்சு அசலாகப் பொருந்தாவிட்டால் ஏற்காது. -எஃப் 2 என்றால் இரண்டு வரி வரை பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, போடு என்று அர்த்தம். என்னைக் கேட்டால் அது ஆபத்தான சலுகை. ஒரே மாதிரி இரண்டு ஃபங்ஷன் அடுத்தடுத்து இருந்தால் திருத்தம் தப்பான ஃபங்ஷனில் போய் உட்காரும், கம்பைலும் ஆகிவிடும்.

இவற்றைச் சரிசெய்ய டார்பாலைத் தனியாகப் பிரித்து, உள்ளே கிட் (மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) இனிட் செய்து, எல்லாவற்றையும் ஒரு கமிட்டாகப் போட்டேன். பிறகு பேட்ச்களைப் பழைய அடுக்கிலேயே ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட். கடைசியில் கிட் ஃபார்மட்-பேட்ச். வெளியே வருவதெல்லாம் ஏ/, பி/ என்று தொடங்கும் பாதைகளோடு -பி1-க்குத் தயாராக இருக்கும். ஏன் இந்தத் திருத்தம் என்று தலைப்பில் எழுதிவைக்கவும் இடம் கிடைக்கிறது.

மாற்றியதில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று எப்படி நம்புவது? ஆர்பிஎம்பில்ட் -பிபி கட்டளை %ப்ரெப் வரை மட்டும் ஓடி நின்றுவிடும். பழைய ஸ்பெக்குக்கு ஒரு முறை (எண் வரிகளை மட்டும் பெரிய பி-க்கு மாற்றி), புதியதுக்கு ஒரு முறை ஓட்டி, கிடைத்த இரண்டு அடைவுகளையும் டிஃப் -ஆர் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் வந்தது பழைய பேட்ச் வரிகளில் -பி (இது பேக்கப்பின் பி, அடுக்கை உரிக்கும் பி அல்ல) என்று கொடுத்து எடுத்த பேக்கப் ஃபைல்களில் மட்டும்தான். ஜென்டிஃப் கொண்டு பேட்ச் தயாரித்த காலத்தில் அவை வேண்டியிருந்தன. இப்போது நட்சத்திரக் குறி போட்டு டாக்குமென்ட் ஃபைல்களை அள்ளும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வருவதற்குத்தான் பயன்படுகின்றன.

ஒரு பேட்ச் மட்டும் அப்போதும் ஏறவில்லை. ஐகான் படத்தை மாற்றும் பேட்ச், கிட்டின் பைனரி டிஃப். சாதாரண பேட்ச் கட்டளை அதை ஏற்காது. அதற்கு %ஆட்டோசெட்டப் -எஸ் கிட் என்று கொடுக்க வேண்டும். பில்ட் அடைவே கிட் ரெப்போ ஆகிவிடும், ஒவ்வொரு பேட்சும் ஒரு கமிட் ஆகும். பில்ட்ரிக்வயர்ஸில் (கட்டத் தேவையானவற்றின் பட்டியல்) கிட்-கோர் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தால் ஒரு பக்கவிளைவு உண்டு. சில மென்பொருள்களின் பில்ட் ஸ்கிரிப்ட், .கிட் அடைவு கண்ணில் பட்டால் அங்கேயே பதிப்பு எண்ணைக் கேட்கும். அங்கே இருப்பது ஆர்பிஎம் போட்ட கமிட்கள். டேக் எதுவும் இல்லாததால் எண் கோணலாக வரும். அதனால் தேவைப்படும் பேக்கேஜுக்கு மட்டும் -எஸ் கிட், மற்றவற்றுக்குச் சாதாரணமாக.

ஆர்ஹெல் (ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ்) 8-க்கு மட்டும் வேண்டிய பேட்ச்தான் கடைசியாக மிச்சமிருந்தது. பேட்ச்: வரியையே %இஃப் நிபந்தனைக்குள் வைக்கச் சபலம் வரும், வைக்கக் கூடாது. ஃபெடோராவில் கட்டும் மூல ஆர்பிஎம்மில் அந்த ஃபைலே இருக்காது, பிறகு அதை ஆர்ஹெல்லில் எடுத்துக் கட்டினால் பேட்சைக் காணோம் என்று நிற்கும். அறிவிப்பை வெளியே வைத்து, அதன் எண்ணை 100-க்கு மேல் கொடுத்தேன். %ஆட்டோசெட்டப்புக்குப் பெரிய என் கொடுத்தால் பிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளும். பிறகு பெரிய எம் 99 என்று ஒரு %ஆட்டோபேட்ச் எல்லாருக்கும், சின்ன எம் 100 என்று இன்னொன்று %இஃப்-க்குள். இரண்டிலும் -பி1 உண்டு.

2019-இல் வந்த 4.15-இலிருந்து %பேட்ச்லிஸ்ட் என்று ஒரு பகுதியும் இருக்கிறது. ஃபைல் பெயர்களை மட்டும் அடுக்கினால் போதும், எண்ணே வேண்டாம். ஃபெடோராவுக்கு மட்டும் கட்டுபவற்றை அதற்கு மாற்றிவிட்டேன். ஆர்ஹெல் 8-இல் 4.14 என்பதால் அங்கேயும் ஓட வேண்டிய பேக்கேஜ்களில் எண் போட்ட பேட்ச்: வரிகளே இருக்கின்றன.