கொடியைத் தொலைத்த தளபதியும் என் அரியர் தாளும்

போன வாரம் முடிவு வந்துவிட்டது. கிழக்காசிய வரலாறு: 71. சென்ற முறை இதே தாளில் 38. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியும் அந்த 38 அசையவில்லை. அந்தக் கடுப்பு இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதால், இதை எழுதும் தொனி அங்கங்கே காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற முறை நான் படிக்காமல் போகவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். சட்சுமா கிளர்ச்சி (ஜப்பானின் புதிய மெய்ஜி அரசை எதிர்த்துச் சாமுராய்கள் நடத்தியது) பற்றிய பெரிய கேள்விக்கு ஏழு பக்கம் எழுதினேன். துப்பாக்கியைத் தொடமாட்டோம் என்று சபதம் செய்த சாமுராய்கள் உருவிய வாளோடு பீரங்கிகளின் மீது பாய்ந்தார்கள் என்று உருகி உருகி எழுதினேன். பள்ளி நாளில் பார்த்த ஏதோ சினிமா தலைக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தால், அந்தப் பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்விக்குறி. பதினைந்துக்கு நான்கு.

தவறு என்னுடையதுதான். 1877-இல் கிளர்ச்சித் தலைவர் சைகோ தகமோரியோடு ககோஷிமாவிலிருந்து கிளம்பியவர்கள் துப்பாக்கியோடும் பீரங்கியோடும்தான் கிளம்பினார்கள். சைகோவே அரசுப் படையின் ஜெனரலாக இருந்தவர். குண்டும் மருந்தும் தீரத் தீரத்தான் அவர்கள் வாளை மட்டும் நம்ப வேண்டிவந்தது. துப்பாக்கியே வேண்டாம் என்று வாளோடும் ஈட்டியோடும் போனவர்கள் வேறு ஆட்கள்: 1876 அக்டோபரில் குமமோட்டோவில் எழுந்த ஷின்புரென் கூட்டத்தார். இருநூறு பேருக்கும் குறைவு. தந்திக் கம்பிக்கு அடியில் நடக்க நேர்ந்தால் தலைக்கு மேல் விசிறியைப் பிடித்துக்கொண்டு போவார்களாம், அந்நியத் தீட்டுப் படக்கூடாதென்று. 1876-ஐயும் 1877-ஐயும் குழப்பாதீர்கள். இந்தத் தாளில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் 38 வாங்கியவர்கள் இல்லை.

இரண்டாம் முறைக்கு நோட்ஸ் கட்டு முழுவதையும் பரண்மேல் போட்டுவிட்டேன். பட்டியல் மனப்பாடம் எனக்கு வராது. ஒரு மனிதரின் கதை என்றால் தேதிகூட ஒட்டிக்கொள்ளும். அதனால் ஜப்பான் பாதி முழுவதற்கும் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டேன்: ஜப்பானியத் தளபதி நோகி மரேசுகே. மேற்கு ஜப்பானில் இருந்த சோஷு சிற்றரசின் கிளையான சோஃபுவைச் சேர்ந்த சாமுராய்க் குடும்பத்தில் 1849 டிசம்பரில் பிறந்து, மெய்ஜிப் பேரரசரின் இறுதிச் சடங்கு நாளான 1912 செப்டம்பர் 13 அன்று இறந்தவர். ஜப்பானின் கதவைத் திறக்க அமெரிக்கக் கொமடோர் பெரி கப்பலோடு வந்தபோது மூன்று வயதுக் குழந்தை. பாடத்திட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, கிட்டத்தட்ட அதுவே அவருடைய ஆயுள்.

ஆண்டு இறுதியில் பிறந்ததில் நமக்கொரு லாபம். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில் 50-ஐக் கழித்தால் வயது வந்துவிடும் (1900-க்குப் பிறகு என்றால் 50-ஐக் கூட்டுங்கள்). பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இடப்புறம் வயது, வலப்புறம் நிகழ்வு என்று எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டிவைத்தேன்:

16 – 1866. ஷோகுனின் (பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர்) படை சோஷுவைத் தாக்குகிறது; நோகி கொகுரா முனையில் சண்டையிடுகிறார்.
18 – மெய்ஜி மீட்சி: ஷோகுன் ஆட்சி போய், அதிகாரம் பேரரசர் பெயருக்குத் திரும்புகிறது.
21 – சிற்றரசுகள் ஒழிப்பு. அதே ஆண்டில் நோகி புதிய ராணுவத்தில் மேஜர்.
23 – கட்டாய ராணுவச் சேவைச் சட்டம், நிலவரிச் சீர்திருத்தம்.
26 – வாள் தடை. சாமுராய் மானியம் கடன் பத்திரமாகிறது. அக்டோபரில் மூன்று கிளர்ச்சிகள்.
27 – சட்சுமா.
37 – ஜெர்மனிப் பயணம்.
44 – சீனப் போர். லியாவோதுங் தீபகற்பத்தின் துறைமுகக் கோட்டையான போர்ட் ஆர்தர் ஒரே நாளில் விழுகிறது.
46 – தைவான் கவர்னர் ஜெனரல்.
54 – ரஷ்யப் போர். அதே போர்ட் ஆர்தர், இம்முறை ஐந்து மாதம்.
62 – மரணம்.

23-க்கு ஒரு எச்சரிக்கை. கட்டாயச் சேவையை நோகியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். திட்டம் ஓமுரா மசுஜிரோவுடையது. 1869-இல் அதை வெறுத்த சாமுராய்கள் அவரை வெட்டினார்கள், அந்தக் காயத்திலேயே இறந்தார். நிறைவேற்றியவர் யமகாட்டா அரிதோமோ. 270 யென் கட்டினால் விலக்கு உண்டு என்பதை ஒரு வரியில் சேருங்கள். வசதி இல்லாதவன் மகன்தான் படைக்குப் போனான் என்பது விளங்கிவிடும். அரசு அறிவிப்பில் இருந்த ‘ரத்த வரி’ என்ற சொல்லைப் பார்த்து, நிஜமாகவே உடம்பிலிருந்து ரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்று கிராமங்களில் கலவரம் நடந்ததும் இங்கேதான் வரும்.

நான் அதிக நேரம் செலவிட்டது 26, 27-இல். சாமுராய்கள் எதிர்த்தார்கள், அரசு அடக்கியது என்று கைடுகள் இரண்டு வரியில் முடித்துவிடும். நோகியின் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். 1876-இல் அவர் கொகுராவில் 14-ஆம் காலாட்படை ரெஜிமென்டின் பொறுப்பில் இருந்து, அந்த மூன்றில் ஒன்றான அகிசுகிக் கிளர்ச்சியை அடக்குகிறார். அதே வாரத்தில் ஹாகியில் எழுந்த கிளர்ச்சியில், தத்துப் போயிருந்த அவருடைய சொந்தத் தம்பி எதிர்ப்பக்கம் நின்று சாகிறான். தம்பியைத் தத்தெடுத்தவர் தமாகி புன்னோஷின், நோகிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். தன் மாணவர்கள் கிளர்ச்சியில் சேர்ந்ததற்குப் பொறுப்பேற்று அவரும் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். ‘சாமுராய் வர்க்கம் பிளவுபட்டது’ என்று எழுதுவதற்குப் பதில் இந்த ஒரு குடும்பத்தை நான்கு வரியில் எழுதினேன்.

அடுத்த பிப்ரவரி. சைகோவின் படை குமமோட்டோக் கோட்டையை வளைக்கிறது. உள்ளே அரசுப் படையோடு தானி தத்தேகி. உதவிக்கு விரைந்த நோகியின் படை 22-ஆம் தேதி இரவு உவெகி என்ற இடத்தில் மோதுகிறது. இருட்டில், பின்வாங்கும் குழப்பத்தில், ரெஜிமென்ட் கொடியைச் சுமந்த இளம் அதிகாரி கொல்லப்படுகிறார். பேரரசர் கையால் தந்த கொடி எதிரிக்குப் போய்விடுகிறது. நோகி தண்டனை கேட்டு எழுதினார், அரசு மன்னித்தது. அவர் தன்னை மன்னிக்கவில்லை. 35 ஆண்டு கழித்து மனைவி ஷிசுகோவோடு உயிரை மாய்த்துக்கொண்டபோது, உயிலில் முதல் காரணமாக எழுதியிருந்தது அந்தக் கொடியைத்தான். இடையில் 1904-இல் இரண்டு மகன்களையும் ரஷ்யப் போரில் பறிகொடுத்திருந்தார்.

இதில் எனக்கு ஒரு பலவீனம் உண்டு, சொல்லிவிடுகிறேன். கதை பிடித்துப்போனால் ஆளை நாயகனாக்கிவிடுவேன். நோகியை அப்படி எழுதினால் மதிப்பெண் வராது. போர்ட் ஆர்தரில் இறந்தும் காயமுற்றும் போன ஜப்பானியர் ஏறத்தாழ 60,000. அரண்களை நோக்கி ஆட்களை அலையலையாக நேரே அனுப்பியதற்காக அப்போதே அவர்மீது கோபம் இருந்தது. அதையும் எழுதுங்கள், சுருக்கமாக.

தேர்வுக்குச் சில துண்டுக் குறிப்புகள்:

– 1895 மூன்று நாட்டுத் தலையீட்டை (சீனப் போரில் கிடைத்த லியாவோதுங்கை ஜப்பான் திருப்பித் தர வைத்தது) விட்டால் 1904 புரியாது. ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ்.
– படை பிரெஞ்சு முறையிலிருந்து ஜெர்மன் முறைக்கு: ஜெர்மன் ராணுவ ஆலோசகர் மெக்கெல் 1885-இல் வந்தார், நோகி 1887-இல் போனார். நன்றாகக் குடித்துக் கொண்டாடிய மனிதர், திரும்பியபின் வீட்டிலும் சீருடையைக் கழற்றாதவராக மாறினார். ஒரு வரி போதும்.
– ஜப்பானியப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால். ‘மரேசுகே’ என்று தனியாக எழுதாதீர்கள்.
– வரைபடத்துக்கு லியாவோதுங் தீபகற்பத்தைப் பத்து முறையாவது வரைந்து பாருங்கள்.
– இரவு பத்துக்கு மேல் படித்தது எதுவும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. உங்களுக்கு நிற்கலாம்.

இம்முறை வந்தது ‘மெய்ஜி காலப் படைச் சீர்திருத்தங்கள்’. உவெகி இரவில் தொடங்கி, கொடியை இழந்தவன் ஏன் மன்னிக்கப்பட்டான் என்று கேட்டு, அங்கிருந்து கட்டாயச் சேவைச் சட்டத்துக்குப் போனேன். ஆறு பக்கம். சினிமா வரவில்லை.

சீனப் பாதிக்கும் இப்படி ஓர் ஆள் வேண்டுமென்று தேடினேன். சிங் அரசின் பெரிய அதிகாரி லி ஹுங்-சாங்கைப் பிடித்துப் பார்த்தேன். தைப்பிங் கிளர்ச்சியில் தொடங்கி, சீனப் போரை முடித்த ஷிமோனோசெகி ஒப்பந்தம் வரை அழகாக வந்தார். 1901-இல் இறந்துவிடுகிறார், 1911 புரட்சிக்கு வர மறுக்கிறார். அதற்குப் பழையபடி மனப்பாடம்தான். அந்தப் பாதியில் எவ்வளவு வாங்கினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.