கட்டுக்கு 25

அக்டோபர் 4, சனி

ஆச்சி இன்று கட்டிய பீடிக் கட்டுகள்: 25, 25, 22, 31. கடைசி இரண்டும் மதியம் 12 மணிக்கு மேல். அப்போது சுகர் 64.

அக்டோபர் 5

64 மனதை விட்டுப் போகவில்லை. 70க்குக் கீழே போனால் லோ. நேற்று காலை 7 மணிக்கு மாத்திரை கொடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் வைத்த மூன்று இட்லியில் ஒன்றுதான் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஒன்று காக்கைக்கு. இன்னொன்று சொளவுக்கு அடியில், புகையிலைத் தூளோடு.

அந்த ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து: கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி., வாக்லிபோஸ் 0.2 மி.கி. இதில் கிளிமிபிரைடுக்கு இலையில் என்ன விழுந்தது என்று தெரியாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். நாற்பது வயதுக்காரருக்கு சுகர் இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பசி பிடுங்கும். 78 வயதில், இத்தனை வருஷ சர்க்கரைக்குப் பிறகு, அந்த எச்சரிக்கை மணி மங்கிப்போகிறது. வெளியே தெரிவது வேறு: எண்ணிக்கை தப்பும், கோபம் வரும், பேச்சு குழறும், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழும்.

வீட்டில் அதற்கு ஒரே பதில்தான்: "வயசாச்சுல்லா, மறதி வரத்தான் செய்யும்."

வரும்தான். ஆனால் மறதி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 7

சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் டப்பா ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. மழை ஈரம். மிச்சம் இருந்ததெல்லாம் குப்பைக்கு.

அக்டோபர் 8

11 மணிக்கு 241. எல்லோருக்கும் பதற்றம். ஆச்சி அப்போதுதான் நாட்டுப்பழம் உரித்துத் தின்றிருந்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மோதிர விரலின் ஓரத்தில் குத்திப் பார்த்தால் 118. விரலில் ஒட்டிய பழச்சாறுதான் 241. இந்த எண்ணை நம்பி யாராவது கூடுதலாக அரை மாத்திரை கொடுத்திருந்தால்?

ஸ்பிரிட் பஞ்சு வீட்டுக்குத் தேவையில்லை, சோப்பும் தண்ணீரும் போதும். விரலின் நடுவில் குத்தக் கூடாது. இலை மடிக்கிற விரல்கள், வலிக்கும்.

அக்டோபர் 11, விடியற்காலம்

3.10க்கு ஆச்சி எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஏட்டி, கடைக்கு நேரமாச்சு, கட்டு குடுக்கணும்." வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை. கண் மட்டும் எங்கேயோ. சுகர் 52.

மதினி கருப்பட்டியை எடுக்கப் போனாள். இந்த வீட்டில் அது உதவாது. வாக்லிபோஸின் வேலையே கருப்பட்டி, வெல்லம், சீனி எல்லாவற்றையும் குடலில் உடையவிடாமல் தாமதப்படுத்துவதுதான். லோ சுகர் நேரத்திலும் அது அப்படியே தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பவுடர்தான் சரி, அதற்கு உடைய வேண்டிய வேலை இல்லை. தேனும் ஓரளவு ஆகும். குளுக்கோஸ் 15 கிராம், தராசில் நிறுத்தால் 3 தேக்கரண்டி தலைதட்டி. அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக.

3.28க்கு 61. இன்னொரு 15 கிராம். 3.45க்கு 88. அப்புறம் ஒரு தோசை, அரை டம்ளர் பால். தோசை முக்கியம்: குளுக்கோஸ் சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கிவிடும், பிடித்து நிறுத்த ஏதாவது வயிற்றில் வேண்டும்.

கண் சொருகி, கூப்பிட்டால் பதில் இல்லாத ஆளுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். மதினியிடம் இதை மூன்று தடவை சொல்லியாயிற்று.

4.20க்கு ஆச்சி: "நான் எப்பம் எந்திச்சேன்?"

அக்டோபர் 11, இரவு

இன்றைக்கு மட்டும் காலை, மாலை இரண்டு வேளை மாத்திரையும் டாக்டரிடம் போனில் கேட்டு நிறுத்தியாயிற்று. பகல் முழுக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்த்தது: 96, 132, 74, 151, 109. அந்த 74ஐப் பாருங்கள். மாத்திரை கொடுக்காத பகலில், சாப்பாட்டுக்கு நடுவே. கிளிமிபிரைடால் வந்த லோ ஒரு தடவையோடு போகாது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருந்து வெளியேற நாளாகும், 24 மணி நேரமும் அதற்கு மேலும் திரும்பத் திரும்ப இழுக்கும். மறுபடியும் 70க்குக் கீழே போயிருந்தால் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்திருக்கும். இரவுப் பை கட்டி வாசலில் வைத்திருக்கிறது.

கட்டு எதுவும் இல்லை இன்று.

அக்டோபர் 14

எச்பிஏ1சி, மூன்று மாதச் சராசரி சுகரைச் சொல்லும் சோதனை, வந்துவிட்டது: 6.3. சித்தப்பாவுக்குச் சந்தோஷம். "பாத்தியா, நல்ல கண்ட்ரோலு."

இல்லை. கிளிமிபிரைடு சாப்பிடுகிற 78 வயதுக்காரருக்கு 6.3 என்பது, மூன்று மாதத்தில் எத்தனை தடவை 60க்கும் 50க்கும் போய் வந்தது என்று கேட்கச் சொல்கிற எண். பாராட்டுகிற எண் அல்ல. நிறைய சர்க்கரை நோய்க் கூட்டமைப்புகள் சொல்வதும் இதுதான்: நல்ல திடமான முதியவருக்கு 7 முதல் 7.5க்குள். மறதி தொடங்கியவருக்கு, வேறு நோய்களும் சேர்ந்தவருக்கு 8க்குள் இருந்தால் போதும். நோய் முற்றிய பிறகு எச்பிஏ1சியையே பெரிதாகப் பார்க்க வேண்டாம், சாப்பாட்டுக்கு முன் 100 முதல் 180க்குள், படுக்கப் போகும்போது 110 முதல் 200க்குள் இருக்கட்டும்.

சுகரை இறுக்கிப் பிடித்தால் மூளை தப்பிக்குமா என்று பெரிதாகவே பார்த்தார்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் நடத்திய அக்கார்டு என்ற பெரிய ஆய்வின் மூளைப் பகுதி, 2011இல் வெளிவந்தது. கிட்டத்தட்ட 3,000 பேர், 40 மாதம். ஒரு பாதிக்கு எச்பிஏ1சி 6க்குள் என்று இறுக்கம், மறு பாதிக்கு 7 முதல் 7.9 வரை. நினைவுச் சோதனைகளில் இரண்டு பாதிக்கும் வித்தியாசமில்லை. அதே அக்கார்டில், இறுக்கிப் பிடித்த பக்கம் சாவு கூடுதலாக இருந்ததால் அந்தச் சிகிச்சையை 2008இலேயே நிறுத்தவேண்டி வந்தது.

அதனால் சர்க்கரை மூளைக்குக் கெடுதல் இல்லை என்று ஆகிவிடாது. அதை இன்னொரு நாள் எழுத வேண்டும். இன்று அந்த 6.3தான் தொண்டையில் நிற்கிறது.

அக்டோபர் 16

கடிகாரம் வரையச் சொல்லும் சோதனை. வட்டம் போட்டு, எண்கள் எழுதி, 11 மணி 10 நிமிடம் காட்ட வேண்டும். ஆச்சி 2ஆம் வகுப்பு. பென்சிலை ஏதோ குச்சியைப் போலப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடம் அதிகம் காணாதவரிடம் இந்தச் சோதனை மறதியை அளக்காது, படிப்பை அளக்கும்.

அதற்குப் பதில்: தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கி. 500 ரூபாய் கொடுத்து 180க்குச் சாமான் வாங்கினால் மிச்சம். சொதிக்குத் தேங்காய்ப் பால் முதல் பால், மூன்றாம் பால், எது எப்போது. வாழைக்காய், தாழ்ப்பாள், குடை என்று மூன்று சொல் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பது. இதற்கெல்லாம் முன்னால் நான்கு காரியம்: சுகர் 100க்கு மேல் இருக்க வேண்டும், மூக்குக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும், காதுக்குள் அழுக்கு அடைப்பு இல்லையென்று பார்த்திருக்க வேண்டும், முந்தின ராத்திரி தூங்கியிருக்க வேண்டும்.

மாதங்கள்: மாசியோடு நின்றுபோயிற்று. மிச்சம் 320 சரி. சொதி முழுக்கச் சரி, இஞ்சியைச் சாறு பிழிந்து கடைசியில் விட வேண்டும் என்பது உட்பட. மூன்று சொல்லில் குடை மட்டும்.

அக்டோபர் 17

25, 25, 25, 25. அந்த நேரம் 127.

விரல்கள் மறக்கவில்லை. இலையைத் தூளோடு உருட்டி, முனையை நகத்தால் உள்ளே தள்ளி, நூலை இரண்டு சுற்று. கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கைப்பழக்கம் வேறு இடத்தில் இருக்கிறது, கடைசியில்தான் போகும். எண்ணிக்கைதான் முதலில் போகும். அதனால்தான் கட்டை எண்ணுகிறேன்.

அக்டோபர் 20, தீபாவளி

4 மணிக்கு எண்ணெய்க் குளியல், 6.30க்கு வழக்கம்போல மாத்திரையை நீட்டிவிட்டார்கள், பலகாரம் படைத்துச் சாப்பிட 9.30 ஆகும். கையிலிருந்து வாங்கி வைத்ததில் ஒரு லோ தப்பியது. இனி விதி: இலையில் இட்லி விழுந்து பாதி தீர்ந்த பிறகுதான் மாத்திரை. மணியைப் பார்த்து அல்ல.

அதிரசம் கேட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பாதி கொடுத்தோம். லேகியம் நெல்லிக்காய் அளவு. இந்த வயதில் ஒரு பாதி அதிரசத்தைப் பிடுங்கி மூளையைக் காப்பாற்றிவிட முடியாது.

அக்டோபர் 23

கீழ வீட்டு தாத்தாவுக்கு இன்சுலின் பிடிபடவில்லை என்று கூப்பிட்டார்கள். குப்பி மில்லிக்கு 40 யூனிட். சிரிஞ்சு ஆரஞ்சு மூடி, 100 யூனிட்டுக்கானது. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 40 குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. தலைகீழாக, இன்சுலின் பேனாவின் குழலில் இருக்கும் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போகும். அது ஆளைக் கொல்லும்.

தாத்தாவே ஊசி போட்டுக்கொண்டு, போட்டதை மறந்து இன்னொரு தடவை போடுவதும் உண்டாம். சிரிஞ்சுகளை அன்றைக்கன்று ஒன்றுதான் வெளியே வைப்பது, போட்டதும் நாட்காட்டித் தாளில் கோடு, குப்பி மகன் அறையில். பார்வை நன்றாக இருந்தாலும் நினைவு போன கையில் குப்பியை விடக் கூடாது.

அக்டோபர் 27

ரிப்போர்ட். பி12: 148. ஹீமோகுளோபின் 9.8. கிரியாட்டினின் 1.4, வயதோடு கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டுவது நிமிடத்துக்கு 38 மி.லி.

148 குறைவு. வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறையும். மறதி, கால் மதமதப்பு, தள்ளாட்டம் எல்லாம் வரும். சர்க்கரையால் கால் மதமதப்பு என்று விட்டுவிடுவார்கள். மறதிக்கான காரணங்களில் திருத்தக் கூடியது இது, தைராய்டும் அப்படியே. ஆச்சிக்கு 1,000 மைக்ரோகிராம் ஊசி, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று.

ரத்தம் இப்படிக் குறைந்திருக்கும்போது எச்பிஏ1சி மேலேயும் காட்டும், கீழேயும் காட்டும். 6.3ஐக் கண்ணை மூடி நம்ப முடியாது. நாள்வாரிக் குறிப்புதான் டாக்டருக்கு உதவியது. கிளிமிபிரைடும் வாக்லிபோஸும் நின்றன. மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, வடிகட்டல் 30க்குக் கீழே போனால் அதுவும் நிற்கும். லினாக்ளிப்டின் 5 மி.கி. ஒரு வேளை, சிறுநீரகத்துக்காக அளவு குறைக்க வேண்டியதில்லை, தனியாக லோவும் கொண்டுவராது. இதை வேறு யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடாது, அவரவர் டாக்டர்தான்.

பழைய மாத்திரை அட்டைகள் அஞ்சறைப் பெட்டியில், அரிசிப் பானையில், சாமி படத்துக்குப் பின்னால். மொத்தம் 7 அட்டை. ஒரே மருந்து இரண்டு பெயரில். மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற அக்காவிடமும் புதுச் சீட்டைக் காட்டியாயிற்று.

நவம்பர் 1

மதியம் சாப்பாட்டுக்குப் பின் 214. "பழைய மாத்திரையே குடுங்க" என்கிறார் சித்தப்பா. 214இல் யாரும் தாழ்ப்பாளைத் தட்டவில்லை.

நவம்பர் 3

சாயங்காலம் திடீரென்று யாரையும் தெரியவில்லை. காலையில் நன்றாக இருந்தவர். சுகர் 268, காய்ச்சல் இல்லை. ஒரே பகலில் புத்தி மாறினால் அது மறதி நோய் அல்ல, வேறு ஏதோ உள்ளே நடக்கிறது. சிறுநீர்ச் சோதனையில் கிருமி. முதியவர்களுக்கு நீர்த்தாரைத் தொற்று காய்ச்சல் இல்லாமல் குழப்பமாகவே வரும், சுகரையும் ஏற்றும். மருந்து தொடங்கியாயிற்று, தண்ணீர் மணிக்கு ஒரு டம்ளர்.

இந்தப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. தளர்த்துவது வேறு, விட்டுவிடுவது வேறு. 250, 300 என்று நின்றால் சிறுநீராய்ப் போய் உடம்பு வற்றும், 600ஐத் தாண்டினால் நினைவே தப்பும்.

நவம்பர் 5

சர்க்கரை உள்ளவர்களுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ரத்தக்குழாய் வழியாக வருகிற வகையில் அதைவிடவும் கூடுதல். மூளையின் உள்ளே போகும் மயிர் போன்ற குழாய்கள் தடித்து, அடைத்து, அரிசி அளவில் அங்கங்கே திசு செத்துப்போகிறது. பக்கவாதம் என்று தெரியாத சின்னச் சின்ன வாதங்கள். அதே குழாய்களின் உடன்பிறப்பைக் கண்ணின் விழித்திரையில் பார்க்கலாம். ஆச்சியின் விழித்திரையில் 2019இலேயே ரத்தப் புள்ளிகள் இருந்தன. கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். அன்றைக்கே நினைவையும் யாராவது சோதித்திருக்கலாம். 65 வயதுக்கு மேல் சர்க்கரை உள்ளவருக்கு வருஷம் ஒரு தடவை அதையும் பார்க்க வேண்டும், பாதத்தைப் பார்ப்பது போல.

ஒன்றை ஒன்று வளர்க்கிறது: கடுமையான லோ வந்தவர்களுக்கு மறதி நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. மறதி வந்தவர் சாப்பிட்டதை மறந்து, மாத்திரையை இரண்டு தடவை போட்டு, மறுபடி லோவில் விழுகிறார்.

நவம்பர் 6

ஆளைத் தெரிகிறது. "ஏட்டி, மெலிஞ்சிட்டியே."

நவம்பர் 8

11 மணிக்கு 143. இலை நனைத்து வைத்தாயிற்று. 25, 25, 24. நான்காவது இன்னும் கையில்.