புவெல்லை என்றால் பெண்ணை அல்ல

அரசமரத்தின் தாவரவியல் பெயர் ஃபைகஸ் ரிலிஜியோசா. ஃபைகஸை லத்தீனில் ஃபீகுஸ் என்பார்கள். லத்தீனில் 'உஸ்' என முடிந்தால் ஆண்பால், 'அ' என முடிந்தால் பெண்பால் என்றார்களே, இங்கே இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன? இந்தச் சந்தேகம்தான் என்னை லத்தீனுக்கு இழுத்துவந்தது.

வேற்றுமை ஆறுதான் என்றதும் அலட்சியமாக உட்கார்ந்தேன். எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவனுக்கு ஆறு என்ன பெரிது? இரண்டே நாளில் மூக்குடைந்தது. நமக்கு எந்தப் பெயரானாலும் அதே 'ஐ': பெண்ணை, பெண்களை, அரசனை. லத்தீனில் ஒருமை பன்மையும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கரைந்துவிடும். போதாக்குறைக்குப் பெயர்கள் ஐந்து வகுப்பு, வகுப்புக்கு வகுப்பு விகுதி வேறு. 'பெண்ணை' என்பதற்குப் புவெல்லம். 'புவெல்லை' என்றாலோ பெண்ணின், பெண்ணுக்கு, பெண்கள் என்று மூன்று பொருள். காதில் 'ஐ' விழுந்ததும் செயப்படுபொருள் என்று எத்தனை முறை ஏமாந்தேனோ!

அட்டவணையை உருப்போட்டதில் பயனில்லை. வழி திறந்தது அகராதியில்தான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் 'உடைய' வடிவத்தையும் தருகிறார்கள்: ரேக்ஸ், ரேகிஸ் (அரசன், அரசனுடைய), நோமென், நோமினிஸ் (பெயர், பெயருடைய). முதல் வடிவத்தை நம்பக் கூடாது. இரண்டாவதில் விகுதியை வெட்டினால் ரேக், நோமின் என்று அடிச்சொல் கிடைக்கும். விகுதிகள் அதில்தான் ஏறும். மரம் 'மரத்து' ஆன பிறகுதானே நாமும் 'ஐ' சேர்க்கிறோம்! அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. அந்த இரண்டாவது வடிவமே வகுப்பையும் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்க்காமல், உடலைக் குறிக்கும் கொர்புஸை இரண்டாம் வகுப்பு என்று நினைத்து, 'உடலை' என்பதற்குக் 'கொர்பும்' என்று எழுதித் திருத்தம் வாங்கினேன். அது மூன்றாம் வகுப்பு, நம் அஃறிணை போல ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. 'உடலை' என்பதற்கும் கொர்புஸ்தான்.

தமிழ் கைகொடுத்த இடங்களும் உண்டு. புவெல்ல என்றால் எழுவாய், புவெல்லா என்று நீண்டால் 'பெண்ணிடமிருந்து' போன்ற பொருள். பாடநூலில் மேலே கோடு போட்டுக் காட்டும் நெடிலை நான் தமிழில் எழுதிவைத்தே பழகினேன். 'மிஹி ஃப்ராதெர் எஸ்த்' எனக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை: எனக்குச் சகோதரன் இருக்கிறான்.

அரசமர விஷயத்துக்கு வருகிறேன். விகுதி எதுவானாலும் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். ரிலிஜியோசா போன்ற அடைமொழி ஓசையைப் பார்க்காது, பாலைத்தான் பார்க்கும். புளியமரம் டாமரிண்டஸ் இண்டிகா ஆனதும் அப்படித்தான். ஆனால் அந்த ஃபீகுஸ் இரண்டாம் வகுப்பிலும் வரும், நான்காம் வகுப்பிலும் வரும் என்கிறது அகராதி. நான்காவதை இன்னும் தொடவில்லை.