ரசமட்டக் குமிழியும் துருவ நட்சத்திரமும்

சேர்வராயன் கோயில் மேட்டில் மகளுடன் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கப் போய், ஏற்காட்டில் நின்றுகொண்டே கோலார் பக்கம் இருப்பதாகக் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பினேன். பாகைமானி, நூல், நுனியில் கட்டிய ஒரு நட்டு. எங்கள் கருவி அவ்வளவுதான். வடவானில் தாழ்வாக நிற்கும் அந்த நட்சத்திரம், சேலத்து விளக்கொளியில் எங்கள் மொட்டைமாடிக்கு அகப்படுவதில்லை என்பதால்தான் மலையேறினோம். அது தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. ஏற்காட்டின் அட்சரேகை 11.8 பாகையை ஒட்டியது; காற்றில் நூல் ஆடிய ஆட்டத்தில் நாங்கள் படித்தது 13. ஒரு பாகை பிசகினால் தரையில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

இதையே பறந்துகொண்டே கற்றுக்கொள்வதற்கென்று ஒரு விமானம் இருந்தது. பயணிகள் விமானமான போயிங் 737-200ஐ மாற்றியமைத்து, டி-43 என்ற பெயரில் 19 விமானங்களை அமெரிக்க விமானப்படை 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பெற்றுக்கொண்டது. இரண்டு ஜெட் எஞ்சின்கள் கொண்ட இவ்விமானம் விமானிகளுக்கானது அன்று. வழி கணிக்கும் அதிகாரிகளுக்கான பறக்கும் வகுப்பறை. கலிபோர்னியாவின் மேதர் தளத்தில் தொடங்கிய பயிற்சி, பின்னர் டெக்சாஸின் ராண்டால்ஃப் தளத்துக்கு மாறியது. உள்ளே 12 மாணவர் மேசைகள் இருந்தன. ஆசிரியர் தம் இருக்கையை நகர்த்திக்கொண்டு வந்து மாணவரின் பக்கத்திலேயே அமர்ந்து சொல்லித்தர முடியும். பயணிகள் விமானத்தில் வரிசையாக இருக்கும் ஜன்னல்களில் பெரும்பாலானவை இதில் கிடையா.

ஜன்னலுக்குப் பதிலாகக் கூரையில்தான் கண்கள். பெரிஸ்கோப் போல மேலே நீண்டு, நட்சத்திரத்தின் உயரத்தைப் பாகையில் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவிகள் ஐந்து, அறையின் நீளவாக்கில் அமைந்திருந்தன. கடலில் மாலுமிக்குத் தொடுவானம் உண்டு. இருட்டில் மேகத்துக்கு மேல் பறப்பவருக்கு அது கிடையாது. எனவே விமான செக்ஸ்டன்டுக்குள் ஒரு காற்றுக்குமிழியே தொடுவானமாக நிற்கும். நம்மூர்க் கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தின் அதே குமிழிதான். விமானம் லேசாகச் சாய்ந்தாலும் குமிழி நகர்ந்துவிடும் என்பதால், இரண்டு நிமிடம் வரை விடாமல் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் விமானம் 26 கிலோமீட்டருக்கு மேல் கடந்திருக்கும். அதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

செயற்கைக்கோள் வழிகாட்டி பரவிய பிறகும் டி-43 விமானங்கள் பறந்து, 2010 இல்தான் ஓய்வு பெற்றன.

அடுத்த முறை நூலைத் தவிர்த்து, வீடு கட்டும் நண்பரிடம் ஒரு சிறிய ரசமட்டத்தை இரவல் வாங்கிப் பாகைமானியோடு கட்டுவதாக இருக்கிறோம். கோலாரிலிருந்து கிருஷ்ணகிரி வரையாவது இறங்கிவிட வேண்டும் என்பது மகளின் கணக்கு.