துரியோதனன் மூக்கு

ஓவிய ஆசிரியராக நான் நடத்திய முதல் வகுப்புக்குச் சத்துணவுக்கூடத்திலிருந்து ஒரு அலுமினியக் குண்டானை வாங்கிவந்து மேசை மேல் வைத்தேன். "சாம்பார் காய்ச்சற குண்டான வச்சு இன்னா சார் படம்?" என்று சமைக்கும் அக்காவும் கேட்டார், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் கேட்டார்கள். மயில், தாமரை, மலைக்கு நடுவில் சூரியன், கீழே ஒரு ஆறு, ஆற்றங்கரையில் குடிசை. ஓவியம் என்றால் அதுதான் என்று யாரோ அவர்களுக்கு எனக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

2012-இல் பகுதிநேர ஓவிய ஆசிரியராக பர்கூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அதற்கு முன் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். கடை போர்டு, லாரிக்குப் பின்னால் கண்ணகல விழிக்கும் கண்கள், கட்சிக்காரர்களுக்குச் சுவர் விளம்பரம். ஃபிளெக்ஸ் வந்தது, தூரிகையைக் கழுவி வைத்தோம். அந்தக் கதையை எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை அதிலேயே நின்றுவிடும்.

பள்ளியில் ஓவிய சாருக்கு என்ன வேலை என்று கேட்டால், ஓவியம் சொல்லித்தருவது நான்காவதோ ஐந்தாவதோ வரும். ஆண்டுவிழா மேடைக்குப் பின்துணி, வாக்காளர் விழிப்புணர்வுக் கோலம், அதிகாரி வரும் நாளில் கரும்பலகையில் வண்ணச் சுண்ணாம்பு எழுத்து, எல்லாப் பாடத்துக்கும் சார்ட். மிச்சம் கிடைக்கும் பிரிவேளையைக் கணக்கு சார் கடன் வாங்குவார். இன்றுவரை ஒன்றைக்கூடத் திருப்பித் தந்ததில்லை.

குண்டானுக்கு வருகிறேன். அதை வைத்ததற்குக் காரணம் உண்டு. நான் படித்தது சென்னையில், இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்று பெயர் உள்ள இடத்தில். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தன் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளி அது. சில ஆண்டுகளில் அரசு ஏற்றுக்கொண்டது. தொழிற்கலைப் பள்ளி என்பதுதான் அப்போது அதற்குப் பெயர். மண்பாண்டம், ஓடு, மரத்தில் படம் செதுக்கி அச்சிடுவது, பிறகு புகைப்படம் என்று கையால் செய்கிற வேலைகளே அங்கே பாடம். 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் அந்த வளாகத்தில் அலுமினியத் தகட்டை அடித்துப் பாத்திரம் செய்து பார்த்தார். நம் கன்னார்கள் பித்தளையிலும் செம்பிலும் செய்துவந்த அதே வேலை, உலோகம் மட்டும் புதிது. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் கால் ஊன்றியது அப்படித்தான். சத்துணவுக்கூடத்துக் குண்டானுக்கு ஒரு ஓவியப் பள்ளி பிறந்த வீடு என்றால் யார் நம்புவார்கள்? பிள்ளைகள் நம்பினார்கள். அக்கா நம்பவில்லை. "வரைஞ்சி முடிச்சிட்டு கழுவிக் குடுங்க சார்" என்றார்.

நான் அங்கே சேரப் போன நாள் தொண்ணூறுகளின் நடுவில். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலை பாரிமுனையில் இறங்கினேன். ஹண்டர் தன் பள்ளியை முதலில் தொடங்கியது அதே பிராட்வேயில்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன். கையில் துணிப்பை, பைக்குள் நான் வரைந்த படங்கள் கசங்கக் கூடாதே என்பது மட்டும்தான் கவலை. காலண்டர் லட்சுமி, இரண்டு நடிகர்கள், ஒரு காந்தி. எல்லாம் கட்டம் போட்டுப் பெரிதாக்கியவை. எங்கள் தெருவில் என்னைவிட நன்றாகக் கட்டம் போடுகிறவன் கிடையாது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அந்த வாசல் வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரியாது. உள்ளே போனால் சிவப்புச் செங்கல் கட்டடங்கள், மரங்கள், மரத்தடியில் பாதி செதுக்கிப் பாதியில் விட்ட கற்கள். டர்பன்டைன் வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து வந்தன. ஒரு அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து இன்னொரு அண்ணனை வரைந்துகொண்டிருந்தார். அவரோ எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தவரை வரைந்துகொண்டிருந்தார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. செய்முறைத் தேர்வில் ஒரு செங்கல், ஒரு மண்பானை, மடித்த துணி ஒன்றை வைத்து வரையச் சொன்னார்கள். கட்டம் போட எதிரில் படம் இல்லை, பொருள்தான் இருந்தது. வேர்த்துவிட்டது. எப்படியோ இடம் கிடைத்தது. என்னைவிட மோசமாக வரைந்தவர்களும் வந்திருந்தார்கள் என்பதுதான் உண்மையாக இருக்கும்.

அதன்பின் சென்ட்ரல் ஸ்டேஷன்தான் எங்களுக்கு இரண்டாவது வகுப்பறை. மூட்டை மேல் தலைவைத்துத் தூங்குகிறவர்கள், போர்ட்டர்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்கள். தூங்குகிறவரை வரைவது சுலபம், அசைய மாட்டார் என்று நினைத்துப் போவோம். பாதி வரைந்ததும் ரயில் வந்துவிடும்.

அந்தக் கல்லூரியின் வரலாறு என்று எழுதும்போது எல்லோரும் ஓவியர்களின் பெயர்களில் இறங்கிவிடுவார்கள். எனக்கு அதன் பெயர்ப்பலகைதான் பெரிய வரலாறாகப் படுகிறது, போர்டு எழுதிப் பிழைத்தவன் என்பதால் இருக்கலாம். முதலில் தொழிற்கலை, பிறகு ஓவியமும் கைவினையும், அதற்குப் பிறகு கவின்கலை. பலகை மாற மாறத் தொழில் போனது, கைவினையும் போனது. 2013-இல் இசைக்கும் கவின்கலைக்கும் சேர்த்துத் தனிப் பல்கலைக்கழகமே வந்து, கல்லூரி அதன் கீழ் போனது. மரியாதை கூடியது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் "கவின்கலை" என்று சொல்லிப் பாருங்கள். அது யாருக்கோ உள்ளது என்று ஒதுங்கிக்கொள்வான். "சுடுமண் வேலை, துணி டிசைன், கல் சிற்பம், அச்சு வேலை இதெல்லாம் அங்கே இருக்குடா" என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பான். இருக்கத்தானே செய்கின்றன? செராமிக், டெக்ஸ்டைல், சிற்பம், அச்சோவியம், எல்லாமே பட்டப்படிப்பாக அங்கே உண்டு.

வெள்ளைக்காரர்கள் அந்த மாதிரி ஓவியப் பள்ளிகளைத் தொடங்கியதன் நோக்கங்களில் ஒன்று நம் ஆட்களின் ரசனையை மேம்படுத்துவது. தர்மபுரி கோட்டைக் கோயிலில் தொங்கும் தூணைச் செதுக்கியவனின் கொள்ளுப்பேரனுக்கு ரசனை! வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைத் தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துப்போவேன். நடுகற்கள் வரிசையாக நிற்கும். ஒரு வீரன், வில், பாய்ந்து வந்த அம்பு, மேலே வட்டெழுத்து. கழுத்து இல்லை, விரல் இல்லை, ஆனால் ஆள் ஓடுகிறான். அதற்கு முன்னால் ரசனை பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இதையே வேறு மாதிரிப் பார்த்தவர்களும் உண்டு. 1958-இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டு அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே மிக அழகானது தண்ணீர்ச் செம்பு என்று அதில் எழுதினார்கள். நாம் காலையில் கையில் எடுக்கும் அதே செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையில் போகுமா இடுப்பில் போகுமா, சாய்த்தால் எப்படி ஊற்றும், கைக்குள் எப்படி உட்காரும், தட்டினால் என்ன ஓசை, விலை என்ன என்று கேள்விகளை அடுக்கிவிட்டு, இதை எந்தத் தனி ஆளும் வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறை சேர்ந்து செய்தது என்றார்கள். குண்டானுக்கு அடுத்த வகுப்பில் நான் வைப்பது செம்பு. வரைவதற்கு முன் ஆளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும்.

அப்படித் தூக்கிப் பார்த்தவர்களில் ஒரு பையன். எட்டாவது படித்தான். வரையவே வராது. கோடு போட்டால் தாள் கிழியும், அவ்வளவு அழுத்தம். அப்பா கிரானைட் பாலீஷ் கம்பெனியில் வேலை, அம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு. ஒருநாள் ஏரி மண் கொண்டுவரச் சொல்லி வகுப்பில் கொடுத்தேன். மற்றவர்கள் பிள்ளையாரும் பாம்பும் செய்தபோது அவன் ஒரு காலைச் செய்தான். முழங்காலிலிருந்து பாதம் வரை, மடங்கிய கால். சதை எங்கே திரளும், எலும்பு எங்கே மேலே வரும் என்று அவன் விரலுக்குத் தெரிந்திருந்தது. எங்கடா கற்றாய் என்றால், "துரியோதனன் கால் சார்" என்றான்.

எங்கள் பக்கம் பாரதம் நடக்கும் ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பதினெட்டு நாள் கூத்து முடிகிற நாள் படுகளம். திரௌபதி அம்மன் கோயில் மைதானத்தில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணால் செய்வார்கள். ஒரு வீட்டை விட நீளமாக இருப்பான். பீமன் தொடையில் அடித்து, சிவப்புத் தண்ணீர் பீறிட்டு, திரௌபதி கூந்தல் முடிவதோடு அவன் ஆயுசு முடிந்தது. அடுத்த வருஷம் புதிதாகச் செய்ய வேண்டும். பையனின் தாய்மாமன் அதைச் செய்கிறவர். ஆறு வயதிலிருந்து இவன் அவருக்கு மண் மிதித்துக் கொடுக்கிறான்.

அவன் பன்னிரண்டாவது முடித்ததும் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அப்பா மறுக்கவில்லை, சந்தேகம்தான் கேட்டார். "கல்லு வேலை சொல்லித் தர்ற காலேஜிங்களா? நாலு வருசமா? எங்க கம்பெனில உட்டா ஆறு மாசத்துல கத்துக்குவானே சார்." எனக்குப் பதில் வரவில்லை. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையின் படத்தைப் போனில் காட்டினேன். நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் திறந்தது. பையனின் அப்பா நீண்ட நேரம் பார்த்தார். "கடப்பாறைய இப்படியா புடிப்பாங்க?" என்று மட்டும் சொன்னார். பிறகு, "சரி, இட்டுக்கினு போங்க" என்றார்.

சேர்க்கைக்கு நான்தான் கூடப் போனேன். அவன் கையில் இருந்த படங்களில் பாதி, மாமன் செய்த துரியோதனனைப் போனில் எடுத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டவை. எது மாமன் கை, எது உன் கை என்று கேட்டால் மறைக்காமல் சொல் என்று சொல்லியிருந்தேன். சொன்னானாம். சிற்பத்தில் இடம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் வளாகத்தைச் சுற்றிக் காட்டினேன். ஓவியர்கள் இருந்து வேலை செய்ய 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் சோழமண்டலம் தொடங்கிய கதை, துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பத்திக் போட்டு விற்ற காசில் இடம் வாங்கிய கதை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் எதையும் கேட்கவில்லை. மரத்தடிக் கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு மாணவி உளியோடு உட்கார்ந்திருந்த கல்லின் முன்னால் நின்று, "அக்கா, இதுல ஓட்டம் இப்பிடி கீது. அங்க உளி வச்சா பொளந்துக்கும்" என்றான். அந்தப் பெண் உளியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டாள்.

முதல் வருஷம் பங்குனியில் போன் செய்தான். "சார், பாரதத்துக்கு லீவு குடுப்பாங்களா?" கேட்டுப் பாருடா என்றேன். கேட்டதோடு நிற்கவில்லை, வகுப்பிலிருந்து நான்கு பேரை பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டான். நானும் படுகளத்துக்கு முந்தின நாள் போயிருந்தேன். மாமன் உடம்பை முடித்திருந்தார். முகத்தை நீங்க செய்யுங்க என்று பையன்களிடம் விட்டார். அவர்கள் அனாட்டமி படித்தவர்கள். நெற்றி மூன்றில் ஒரு பங்கு, மூக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கயிறு பிடித்து அளந்து, அருமையான முகம் ஒன்றைச் செய்தார்கள். மாமன் பீடியை அணைத்துவிட்டு, "கால்மாட்டுல போய் நின்னு பாருங்க கண்ணு" என்றார்.

போய் நின்றார்கள். நானும் நின்றேன். பாதம், முழங்கால், வயிறு, மார்பு, அதற்கப்பால் முகமே இல்லை. ஜனம் நிற்பது அங்கேதான். பேசாமல் திரும்பிவந்து மூக்குக்கு மட்டும் ஐந்து கூடை மண் போட்டார்கள். கிட்டே நின்று பார்த்தால் கன்றாவியாக இருந்தது.

மறுநாள் பீமன் அடித்து முடித்ததும் பெண்கள் வந்து மண்ணைப் பிடிப்பிடியாக அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். மூக்குதான் முதலில் போனது.