புயலுக்கு உதவணும்னு நினைக்கிறவங்களுக்கு

ஒவ்வொரு வருசமும் ஐப்பசி கார்த்திகை வந்து டிவில புயல்னு சொன்னாலே சென்னைல, சிங்கப்பூர்ல இருக்குற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "என்னடா அனுப்பலாம்"னு கேக்குறாங்க, எல்லாருக்கும் சேத்து இங்கயே எழுதிடுறேன். நான் சொல்றது எல்லாம் 2018 நவம்பர் 16 விடியக்காலைல வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலை வச்சுத்தான்.

அப்ப லட்சத்துக்கும் மேல கரண்ட் கம்பம் சாஞ்சு போச்சு, உள்கிராமத்துல எல்லாம் வாரக்கணக்கா கரண்ட் இல்ல. கரண்ட் இல்லனா மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடலனா டேங்க்ல தண்ணி ஏறாது, குடிக்கவே தண்ணி இல்லாம ஊரே குடத்தோட நிக்கும். வாடகைக்கு ஜெனரேட்டர் புடிச்சு ட்ராக்டர்ல ஏத்திட்டு ஊர் ஊரா போய் டேங்க ரொப்புன பசங்க இருந்தாங்க பாருங்க, அவங்களுக்கு டீசல் காசு குடுத்தவங்கதான் என்னைப் பொறுத்தவரை பெரிய தர்மம் பண்ணவங்க.

பழைய துணி மட்டும் தயவுசெஞ்சு வேணாம், மூட்டை மூட்டையா ஸ்கூல் வராண்டால நனைஞ்சு நாறிக் கெடந்துச்சு. கூரை போன வீட்டுக்காரங்க கேட்டது தார்ப்பாய், கொசுவத்தி, மெழுகுவர்த்தி, நாப்கின், புது நைட்டி, கைலி, போர்வை. அப்புறம் லாரில ஏத்திட்டு நேரா கிளம்பிடாதீங்க, மெயின் ரோட்டு ஊர்லயே எல்லாம் தீந்துரும், உள்ள இருக்குற காலனிக்கும் மீனவர் குப்பத்துக்கும் ஒண்ணும் போய்ச் சேராது, அந்த ஊர் ஆள் ஒருத்தர்கிட்ட முதல்ல போன்ல பேசிட்டு என்ன வேணும்னு கேட்டுட்டு ஏத்துங்க.

பணமா குடுக்கறவங்க முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு போடலாம், பழைய வருமான வரி முறைல இருந்தா முழுத் தொகைக்கும் வரிக் கழிவு உண்டு, ஆனா ரொக்கமா 2000 ரூபாய்க்கு மேல குடுத்தா கெடைக்காது, ஆன்லைன்ல போட்டு ரசீது வாங்கி வச்சுக்கோங்க. ட்ரஸ்ட்டுக்கு குடுக்கறதா இருந்து நீங்க வெளிநாட்டு குடியுரிமை வாங்கிட்டீங்கன்னா, அவங்ககிட்ட எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டிய அரசு பதிவு, இருக்கான்னு முதல்ல கேளுங்க, இல்லனா அவங்களுக்குத்தான் சிக்கல்.

எனக்கு ரொம்ப மனசு ஆறாத விசயம் ஒண்ணு இருக்கு. முதல் வாரம் வண்டி மேல வண்டியா வரும், மூணாவது மாசம் ஒருத்தரும் வரமாட்டாங்க. பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் தென்னைய நம்பி கடன் வாங்குன குடும்பம் எத்தனை, ஒரே ராத்திரில தோப்பு மொத்தமும் படுத்துருச்சு. விழுந்த மரத்த அறுத்து, அடித்தூரத் தோண்டி எடுத்து, வெளிய தள்ளவே கூலி எக்கச்சக்கம், அப்படியே விட்டா மட்குற மரத்துல காண்டாமிருக வண்டு பெருகி தப்பிச்சு நிக்குற மரத்தோட குருத்தையும் தின்னுரும். புதுக் கன்னு வச்சா நெட்டை ரகம் காய்க்க அஞ்சாறு வருசம் ஆகும். அதனால கன்னு வாங்கித் தரணும்னு நினைச்சா மரம் அறுக்குற கூலியும் குழி வெட்டுற கூலியும் சேத்தே குடுங்க, முடிஞ்சா ஊடுபயிருக்கு உளுந்து விதையும், இல்லனா அந்த வீட்டுப் புள்ளைக்கு ஒரு செமஸ்டர் ஃபீஸாவது கட்டுங்க, அதையும் தை மாசி ஆனப்புறம் கட்டுங்க.