கெட்டில் மூக்குக்குப் பக்கத்தில்

நேற்று விடியற்காலை, ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு டீக்கடை. கெட்டில் மூக்கிலிருந்து வந்த வெண்புகையைக் காட்டி, "அப்பா, இதுதானே நீராவி?" என்றாள் மகள்.

இல்லை பாப்பா. மூக்கை ஒட்டினாற்போல ஒரு விரல்கடை அளவுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறதே, அதுதான் நீராவி. அது கண்ணுக்குத் தெரியாது. குளிர்காற்று பட்டதும் மறுபடி பொடிப்பொடித் துளிகளாகிவிடும். வெள்ளையாகத் தெரிவது அந்தத் துளிகள்தான், அதாவது திரவம்.

குனிந்து அந்த இடைவெளியையே ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் ஏரிமேல் நின்ற மூடுபனியைக் காட்டி, "அப்போ அதுவும் தண்ணிதானா?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

டீக்கடை அக்கா, "இங்க குக்கர் இல்லாம பருப்பு லேசுல வேகாதுங்க" என்றார். உண்மைதான். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் 99 வரை போகும். எவ்வளவுதான் தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்குமேல் ஏறாது. தண்ணீர்தான் சீக்கிரம் ஆவியாகிப் போகும். குக்கர் மூடி ஆவியை அடைத்து, அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை 100க்கு மேலே கொண்டுபோகிறது.

கிளம்பும்போது பார்த்தேன், அவள் முடி முழுக்க மூடுபனி முத்து முத்தாக ஒட்டியிருந்தது.